எங்கள் தெரு மாதா கோயில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் எங்கள் தெரு முனையில் பழைய மாதா கோயில் ஒன்று இருக்கிறது. எந்த வருடம் கட்டியது என்று கல்வெட்டு கிடையாது. தாத்தாவிடம் கேட்டால், "நான் பிறக்கும்போதே அது பழசுடா" என்பார்.

சரி, கட்டிடத்திடமே கேட்கலாம். பின்சுவரை ஒட்டி ஒரு பீடம் இருக்கிறது. இப்போது பூஜாடி வைக்கத்தான் பயன்படுகிறது. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடி, வழிபாட்டு முறைகளை மாற்ற வழிசெய்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதற்கு முன்பு, சாமியார் அந்தப் பீடத்தைப் பார்த்தபடி, லத்தீனில் பூசை வைப்பார். ஆக, கோயில் அதற்கும் முந்தியது. என் பாட்டிக்கு லத்தீன் பாட்டுகள் மனப்பாடம். அர்த்தம் கேட்டால் மட்டும் கோபம் வரும்.

கோயில் இருந்த இடத்திலேயே இருக்க, மேலிடம் மாறிக்கொண்டே வந்தது. 1930இல் சேலம் மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி, பிறந்தது, 1997இல் தருமபுரி மறைமாவட்டம். அரசாங்கக் கணக்கிலும் அப்படித்தான்: சேலம் மாவட்டமாக இருந்தோம், 1965இல் தருமபுரி ஆனோம், 2004இல் கிருஷ்ணகிரி.

இனி கோயில் சுவரின் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன், திருவிழாவுக்குள் பளிச்சென்று ஆக்க வேண்டுமென்று, சுவரின் அடிப்பகுதி முழுக்க சிமெண்ட் பூசினோம். கூட்டத்தில் அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இரண்டே மழைக்காலம்தான். சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே, ஆள் உயரத்தில், உப்பு பூத்துக் காரை உதிர்ந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டோம். ஈரம் மேலே ஏறிவிட்டது.

அப்புறம் வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "எல்லாத்தையும் கொத்தி எடுங்க சாமி" என்றார், அவ்வளவுதான். சுண்ணாம்பைத் தண்ணீரில் பல நாள் ஊறவிட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசினார். கோயில் முழுக்க ஒரு வாரம் புளித்த வாசனை!

கொத்தும்போது ஓர் இடத்தில் பழைய பூச்சுகள் ஏடு ஏடாகத் தெரிந்தன: வெள்ளை, நீலம், மறுபடி வெள்ளை, வெளிர்மஞ்சள். உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் பூசாமல் விடச் சொன்னேன். பிள்ளைகள் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வருடத் திருவிழாவுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று அடுத்த வாரம் கூட்டம். இந்த முறை சுண்ணாம்பு வெள்ளைக்குத்தான் கை தூக்குவேன்.

நன்றி, வணக்கம்.