உணர்வை உருவாக்குவது சித்தமே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். யூத மறைஞானத்தில் உணர்வை உருவாக்குவது அறிவா, சித்தமா, அதாவது மனத்தின் விருப்புறுதியா என்ற கேள்விக்கு, சித்தமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், லியாதி ஊர் ரெபி ஷ்னேயர் சல்மான் எழுதி 1796-இல் அச்சேறிய தான்யா நூலைச் சான்று காட்டினார். ஹபாத் ஹசிதியர் என்னும் யூத பக்தி இயக்கத்தாரின் அடிப்படை நூலான அதன் மூன்றாம் அதிகாரத்தில் ஞானமும் புரிதலும் தாய்தந்தையர் என்றும், அன்பும் அச்சமும் அவர்கள் ஈன்ற பிள்ளைகள் என்றும் இருப்பது உண்மைதான். ஆனால் அதே அதிகாரத்தை அவர் இறுதிவரை வாசித்திருக்க வேண்டும். இறைவனின் மகத்துவத்தை நன்கறிந்தவனே ஆனாலும், தன் எண்ணத்தை அதில் உறுதியாகப் பிணைத்து, இடைவிடாது நிலைநிறுத்தாவிட்டால், அவன் உள்ளத்தில் மெய்யான அன்பும் அச்சமும் பிறவா, வீண் கற்பனைகளே பிறக்கும் என்று அங்கே சொல்லப்படுகிறது. அறிந்தவனுக்கும் தவறிப்போகக்கூடிய அந்தப் பிணைப்பை அறிவின் கணக்கில் எப்படி எழுதுவது? எண்ணத்தை ஓரிடத்தில் நிறுத்துவது சித்தத்தின் வேலை. யூத மறைஞானமாகிய கபாலா மரபு சித்தத்தைக் கெத்தெர் என்னும் மகுடத்தில், ஞானத்துக்கும் மேலே வைத்திருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

பன்னிரண்டாம் அதிகாரம் இன்னும் தெளிவானது. நீதிமானும் அல்லாத, துன்மார்க்கனும் அல்லாத இடைநிலை மனிதன் ஒருவனை நூல் நம் முன் நிறுத்துகிறது. தனக்குத் தீங்கிழைத்தவன்மீது பகை அவன் இதயத்திலிருந்து மூளைக்கு ஏறும் அக்கணமே, அதை இரு கைகளாலும் தள்ளிவிட்டு, தனக்குத் தீங்கிழைத்த சகோதரரிடம் விவிலியத்து யோசேப்பு நடந்துகொண்டதைப் போலத் தீமைக்கு நன்மை செய்கிறான். மூளையில் உள்ள சித்தத்தால் இதயத்தின் வேட்கையை அடக்க மனிதனால் இயலும், அவன் படைப்பே அப்படி என்பது நூலின் துணிபு. சாதாரண மனிதனுக்கு இத்தனை பெரிய நம்பிக்கையைக் கொடுத்த வேறொரு வரி அந்நூலில் எனக்குத் தென்படவில்லை.

"பகை உள்ளேயே இருக்கிறதே, அடக்குவது எப்படி உருவாக்குவதாகும்?" என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. இடைநிலை மனிதனிடம் தீமை அழிவதில்லை என்பதை நூலே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் உணர்வு வெளிப்பட அணிந்துகொள்ளும் எண்ணம், சொல், செயல் என்னும் மூன்று ஆடைகளையும் சித்தம் மறுத்துவிட்டால், அந்தப் பகை அவனை ஆள்வதில்லை. அதோடும் முடிவதில்லை. தீமையை வெறுக்கத் தன்னைப் பழக்கிக்கொள்பவனுக்கு அது ஓரளவேனும் மெய்யாகவே வெறுப்புக்குரியதாகும், பழக்கம் இரண்டாம் இயல்பாகும் என்று பதினான்காம் அதிகாரம் உரைக்கிறது. இல்லாதிருந்த வெறுப்பு அங்கே பிறந்துவிட்டது. அதைப் பிறப்பித்தது புதிதாகக் கற்ற பாடம் எதுவுமில்லை, விடாமல் முயன்ற சித்தம். இதற்கு விடை சொல்லிவிட்டு எதிரணியினர் தம் வாதத்தைத் தொடரட்டும்.