18 வெள்ளி மீட்டரும் நியூவாட்டரும்

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பேசும் நான் இன்று புதன்கிழமையே வந்திருப்பதற்குக் காரணம், நேற்று சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு வந்த வடிகட்டி விற்பனையாளர். குழாய்த் தண்ணீரில், கரைந்த பொருள்களின் அளவைக் காட்டும் சிறிய டிடிஎஸ் மீட்டரை நனைத்து, திரையில் தெரிந்த எண்ணைக் காட்டி, "கழிவுநீரைச் சுத்திகரித்துக் கலக்கிறார்கள், பாருங்கள்" என்று அம்மாவை அச்சுறுத்திவிட்டார். இரவு முழுவதும் தண்ணீர் குடிக்கவே அம்மா தயங்கினார்.

அதே மீட்டரை இன்று காலை சிம் லிம் டவரில் வாங்கினேன். முதல் கடையில் 26 வெள்ளி, அடுத்ததில் 20. மூடியிலிருந்த கீறலைக் காட்டி 18-க்குக் கொண்டுவந்தேன், அந்த மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை. ஆனால் அது நீரின் மின்கடத்துதிறனை வைத்துக் கரைந்த உப்பைக் கணிக்கிறதே தவிர, கிருமியையோ மருந்தின் எச்சத்தையோ அறியாது. ஆர்ஓ சவ்வு, அதாவது அழுத்தத்தில் நீரை வடிக்கும் மிக நுண்ணிய வடிகட்டி, உப்பைப் பெரும்பாலும் நீக்கிவிடுவதால், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டர் இதில் குழாய்நீரைவிடக் குறைந்த எண்ணையே காட்டும்.

அந்தக் குறைந்த எண்ணும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் என்டிஎம்ஏ என்ற வேதிப்பொருள் மிகச் சிறிய, மின்னேற்றமற்ற மூலக்கூறு என்பதால் ஓரளவு சவ்வைக் கடந்துவிடும். புறஊதாக் கதிர்தான் அதை உடைக்கிறது. மேலும், பெயர் தெரிந்த பொருளைத்தான் ஆய்வகத்தில் தேட முடியும். தெரியாதவை பல கலந்து உடலை என்ன செய்யும் என்பதை உயிருள்ள உடலில்தான் பார்க்க வேண்டும்.

அதனால்தான், 2000-இல் பிடோக்கில் நாளுக்கு 10,000 கன மீட்டர் தரும் முன்னோடி ஆலை அமைந்தபோது, நியூவாட்டரில் எஞ்சியவற்றை 150 மடங்கும் 500 மடங்கும் செறிவாக்கிச் சுண்டெலிகளுக்கு இரண்டாண்டு கொடுத்துச் சோதித்தார்கள். ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: நீர்த்தேக்க நீரையும் அதேபோல் செறிவாக்கி வேறு எலிகளுக்குக் கொடுத்தார்கள், அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் முடிவுக்குப் பொருளே இல்லை.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, மெடாக்கா என்ற சிறிய ஜப்பானிய மீனை வைத்துச் செய்த சோதனை. ஹார்மோன் போல் செயல்படும் பொருள் நீரில் போதிய அளவு இருந்தால் ஆண் மீனிடம் பெண்தன்மை தோன்றும். முட்டை கண்ணாடி போலிருப்பதால் கரு வளர்வதையும் பார்க்கலாம். எந்த மீட்டரும் இதற்கு ஈடாகாது.

2002-இல் வல்லுநர் குழு நியூவாட்டர் பாதுகாப்பானது என்று முடிவுசெய்து, நீர்த்தேக்கத்தில் கலந்து பயன்படுத்தப் பரிந்துரைத்தது. இதையெல்லாம் மதியம் அம்மாவிடம் விளக்கினேன். குழாயில் பிடித்துக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் குடித்தார்.

விற்பனையாளர் சனிக்கிழமை மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய வடிகட்டியை எந்த உயிரில், எத்தனை மாதம் சோதித்தார்கள் என்று கேட்டு, பதிலை அப்படியே பதிவேற்றுகிறேன்.