டப்பாவுக்கு ஒரு வழக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு இழுப்பு உண்டு. கைப்பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர் இருக்கும். மருந்து மீதி இருக்கிறதா என்று பார்க்க அதைக் காதோரம் வைத்துக் குலுக்குவார். பக்கத்து வீட்டு அத்தையோ, தண்ணீரில் போட்டு மிதக்கிறதா பார் என்பார். இரண்டையுமே நம்ப முடியாது. ஒரு கல்யாணத்துக்குப் போன ஊரில், நடு ராத்திரியில், குலுக்கினால் சத்தம் கேட்ட அந்த டப்பா அழுத்தினால் வெறும் காற்றாக வந்தது. மருந்துக்கடை தேடி நான் அலைந்த அலைச்சல் இன்னும் மறக்கவில்லை.

அதனால், இத்தனை பஃப் மீதி என்று எண் காட்டும் இன்ஹேலரை முதன்முதலில் பார்த்தபோது, இதைச் செய்தவருக்கு என்ன கொடுத்தாலும் தகும் என்று நினைத்தேன். பேட்டன்ட் என்கிற காப்புரிமை வழக்குகளைத் தேடித்தேடிப் படிக்கும் கிறுக்கு எனக்கு அங்கேதான் பிடித்தது. அந்த எண்ணை வைத்தே அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது என்றால் விடுவேனா?

வழக்கைத் தீர்த்தது ஃபெடரல் சர்க்கியூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றம். நம் ஊரில் தகராறு எந்த எல்லையில் நடந்ததோ அந்த எல்லைக் கோர்ட்டுக்குப் போகிறோம். அமெரிக்காவிலும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 13. அதில் 12-க்கு ஊர் எல்லை உண்டு, இந்த ஒன்றுக்கு மட்டும் கிடையாது. நாட்டின் எந்த மூலையில் பேட்டன்ட் வழக்கு நடந்தாலும் அப்பீல் இங்கேதான் வரும். இறக்குமதி வரி, அரசு ஒப்பந்தம், முன்னாள் ராணுவத்தினரின் உதவித்தொகை வழக்குகளும் இங்கேதான். 1982-இல் தொடங்கியது, வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெயர் பலருக்குத் தெரியாது, தீர்ப்பு மட்டும் வீட்டுக்குள் வந்துவிடும்.

சரி, இன்ஹேலருக்கு வருவோம். உள்ளே இருக்கும் மருந்து நமக்குத் தெரிந்த சால்பியூட்டமால்தான். அமெரிக்காவில் அல்பியூட்டரால் என்பார்கள். அரை நூற்றாண்டு தாண்டிய மருந்து, அதன் மேல் இருந்த பேட்டன்ட் காலாவதியாகி வெகு நாளாயிற்று. மலிவு விலை இன்ஹேலர்களும் அங்கே இருந்தன. ஆனால் மருந்தை வெளியே தள்ளிய வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று, 2008 முடிவோடு அந்த வகை அல்பியூட்டரால் இன்ஹேலர்களை நிறுத்திவிட்டார்கள். வேறு வாயு வந்தது, அதற்கு ஏற்ற டப்பா வந்தது, டப்பாவுக்குப் புதுப் பேட்டன்ட்டுகளும் வந்தன. மருந்து என்னவோ அதே பழைய மருந்துதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அமெரிக்க மருந்து நிர்வாகத்திடம் ஒரு பட்டியல் உண்டு, ஆரஞ்சுப் புத்தகம் என்று பெயர். மருந்துக் கம்பெனி தன் பேட்டன்ட்டை அதில் ஏற்றிவிட்டால், போட்டிக்கு ஜெனரிக், அதாவது அதே மருந்தின் மலிவு வடிவம், கொண்டு வருகிறவர் மேல் ஒரு வழக்குப் போட்டாலே போதும். பொதுவாக 30 மாதம் அந்த ஜெனரிக்குக்கு அனுமதி கிடைக்காது. வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பட்டியலில் ஏறுவதற்குத் தகுதி இருக்கிறதா என்று நிர்வாகம் துருவிப் பார்ப்பதும் இல்லை. கம்பெனி கொடுத்தால் ஏற்றிக்கொள்ளும்.

டேவா கம்பெனி தன் இன்ஹேலருக்காக அப்படி ஏற்றிய பேட்டன்ட்டுகளில் ஐந்தைத்தான், ஜெனரிக் செய்ய வந்த ஆம்னீல் நீக்கச் சொன்னது. அந்த ஐந்தும் டப்பாவைப் பற்றியவை, நான் வியந்த அந்த எண் காட்டும் கருவி உட்பட. மருந்தின் பாகமாக இருப்பதும் சட்டப்படி மருந்துதான், அதனால் டப்பாவின் பாகமும் மருந்துதான் என்று டேவா வாதாடியது. 2024 டிசம்பர் 20 அன்று நீதிமன்றம் மறுத்தது. பட்டியலில் ஏற வேண்டுமானால் பேட்டன்ட் குறைந்தபட்சம் அந்த மருந்துப்பொருளையாவது உரிமை கோர வேண்டும், வெறும் கருவியைக் கோரினால் போதாது, ஐந்தையும் எடுங்கள் என்றது.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. பேட்டன்ட் செத்துப்போகவில்லை. எண் காட்டும் கருவியைக் காப்பியடித்தால் இன்றும் வழக்குப் போடலாம். சும்மா கிடைத்த அந்த 30 மாத வேலி மட்டும்தான் போயிற்று. கண்டுபிடித்தவருக்குக் கூலி வேண்டும் என்று சொல்கிறவன்தான் நான். ஆனால் டப்பாவுக்கான கூலியை மருந்தின் பெயரில் வாங்கக் கூடாது இல்லையா?

இதே மாதிரி இன்னொன்று, கார் வைத்திருப்பவர்களுக்கு. ஃபெண்டர் நசுங்கி டிங்கரிங் கடைக்குப் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி: கம்பெனி பார்ட்டா, வெளி பார்ட்டா? ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஃபெண்டரின் வடிவத்துக்கே பேட்டன்ட் வைத்திருந்தது. வெளி பார்ட் விற்கும் எல்கேக்யூ, இதெல்லாம் பழைய வடிவத்திலிருந்து யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதானே என்று எதிர்த்தது. அதை நிரூபிக்க, ஏறக்குறைய அச்சாக அதே மாதிரி ஒரு பழைய வடிவத்தை முதலில் காட்டு என்பது பல பத்தாண்டுப் பழைய விதி. 2024 மே 21 அன்று எல்லா நீதிபதிகளும் கூடி அந்த விதி ரொம்ப இறுக்கம் என்று தூக்கிப்போட்டார்கள். எல்லாரும் என்றால், வழக்கு கேட்கக்கூடிய எல்லாரும். 12 நாற்காலிகளில் ஒன்று 2023 செப்டம்பரிலிருந்தே சும்மா கிடந்தது. 1927-இல் பிறந்த பாலின் நியூமன் என்ற நீதிபதியைச் சக நீதிபதிகளே வழக்கு கேட்காமல் நிறுத்தி வைத்தார்கள், அவரும் விடாமல் எதிர்த்துப் போராடினார். அது தனி உரைக்கான கதை.

கடிகாரத்தைப் பார்த்தால் பகீர் என்கிறது. நிலையத்தார் என்னைப் பேச அழைத்ததே வரி வழக்குக்காக! சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதமானது. திருப்பூர்க்காரர்களுக்கு அந்தத் தேதியை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டே நாளில், 29 அன்று, இதே நீதிமன்றம் 7-க்கு 4 என்ற கணக்கில், அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டு அவசரநிலைச் சட்டத்தை வைத்து அதிபர் இப்படிப்பட்ட வரிகளைப் போட முடியாது என்றது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் நியூயார்க்கில் சின்ன அளவில் ஒயின் இறக்குமதி செய்பவர். வரி அன்றைக்கே நின்றுவிடவில்லை. அப்பீல் செய்ய நீதிமன்றமே அவகாசம் கொடுத்தது, நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. அந்த நான்கு பேர் ஏன் மாறுபட்டார்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன், ஒரு பக்கம் இருக்கிறது. நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். நன்றி, வணக்கம்.