பெட்டி கட்டுவதும் ஓட்டுதான்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நான் மைக்கைப் பிடித்ததிலிருந்தே சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணியினரே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி வந்து சேர்ந்திருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். வந்து சேர்ந்ததற்கே உங்கள் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்த வேண்டும்.

உள்ளூர் நிர்வாகம் வெறுத்துப்போனால் வேறு மாநிலம் போவதா, இருந்து போராடுவதா? இதுதான் தலைப்பு. போவதே சரி என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர் மூன்று அடி அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். போவது கோழைத்தனம் என்றார். தேர்தலில் நின்று ஜெயித்து மாற்றிக் காட்டு என்றார். காசுள்ளவன் போவான், ஏழை எங்கே போவான் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, விஷயம்தான் இடிக்கிறது.

தேர்தலில் நில் என்கிறாரே, எந்தத் தேர்தலில்? பெங்களூர் மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். 198 வார்டு, 198 கவுன்சிலர். அவர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. என்ன நடந்தது? வார்டு எண்ணிக்கையை மாற்றினார்கள், எல்லையை மாற்றினார்கள், வழக்கு நடந்தது, சட்டத்தை மாற்றினார்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். அப்போதும் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. குப்பை வண்டி வரவில்லை என்று நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்? ஓட்டுப் போட்டு இறக்குவதற்கு முதலில் ஒருவர் மேலே ஏறியிருக்க வேண்டாமா ஐயா?

சரி, தேர்தல் நடக்கிற ஊருக்கே போவோம். கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலம். அங்கே கிடெக்ஸ் என்று ஆடை நிறுவனம் இருக்கிறது. அதை நடத்துகிறவர்கள் உள்ளூர் அரசியலில் நொந்து, ட்வென்டி20 என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, 2015-ல் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார்கள். 19 வார்டில் 17 வார்டைப் பிடித்தார்கள். 2020-ல் பக்கத்துப் பஞ்சாயத்துகளையும் சேர்த்து நான்கு ஆயிற்று. எதிரணிச் சகோதரர் சொல்லும் வைத்தியத்தை முழுப் பத்தியத்தோடு செய்தவர்கள் இவர்கள்தான். முடிவு என்ன? 2021-ல் ஒரே மாதத்தில் தங்கள் தொழிற்சாலையில் 11 முறை சோதனை நடந்ததாகச் சொல்லி, கேரளத்தில் போடுவதாக இருந்த 3,500 கோடி ரூபாய்த் திட்டத்திலிருந்து விலகினார் அதன் தலைவர். தொந்தரவு எதுவும் செய்யவில்லை என்றது அரசு. யார் சொன்னது சரி என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது அடுத்த காட்சியை. தெலங்கானா தனி விமானம் அனுப்பி அவர்களை ஹைதராபாத்துக்கு அழைத்துக்கொண்டது. வாரங்கல்லில் தொழிற்சாலை வந்தது.

பஞ்சாயத்தையே கையில் வைத்திருந்தவர்கள் ஏன் போக வேண்டியிருந்தது? நம் நாட்டில் பஞ்சாயத்தின் கையில் இருப்பது தெருவிளக்கும் சாக்கடையும்தான். பணம், அதிகாரி, அனுமதி எல்லாம் மாநிலத் தலைநகரில். உள்ளாட்சி கெட்டுப்போயிருந்தால் அதன் சாவி பெரும்பாலும் மாநிலத்திடம் இருக்கிறது. அதனால்தான் வெறுத்துப்போனவன் பக்கத்துத் தெருவுக்குப் போவதில்லை, பக்கத்து மாநிலத்துக்குப் போகிறான்.

அடுத்தது, கோழைத்தனம். நடுவர் அவர்களே, இந்தச் சொல் எனக்கு உண்மையிலேயே வலித்தது. இதே ஊரில் 2007-ல் 110 கிராமங்களை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். கிராமத்துக்காரர்களைக் கேட்டா சேர்த்தார்கள்? இனி நீங்கள் மாநகரம், சொத்து வரி கட்டுங்கள் என்றார்கள். கட்டினார்கள். காவிரித் தண்ணீர்? ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டத்தை அவர்களுக்கென்று திறந்துவைத்தது 2024 அக்டோபரில். பதினேழு ஆண்டு! 2007-ல் அங்கே பிறந்த குழந்தை செகண்ட் பியூசி, அதாவது நம் பிளஸ் டூ, எழுதப் போகிற வயசுக்கு வந்த பிறகுதான் குழாய் திறந்தது. திறந்த அன்றே எல்லா வீட்டுக்கும் இணைப்பு வந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை.

அதே 2024 மார்ச் மாதம் நினைவிருக்கிறதா? நகரத்தில் அரசு போட்ட சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டதாக அரசே சொன்னது. எங்கள் அடுக்ககத்தில் விடியற்காலை நாலரை மணிக்குச் சம்ப் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் டார்ச்சும் நோட்டுமாகப் பெண்கள் நிற்போம். டேங்கர் வந்ததும் முதலில் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும், முக்கால் வண்டியைக் கொண்டுவந்து முழு வண்டிக்குக் காசு கேட்பான். ஹோஸை இழுத்துவிட ஒருவர், சண்டை போட ஒருவர், நோட்டில் எழுத ஒருவர். ஆறு மணிக்கு மேல் போய் டிபன் செய்து, பிள்ளையை அனுப்பி, ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். இப்படி இருந்துகொண்டே மாலையில் போராடவும் வேண்டும் என்கிறார் சகோதரர். அவர் வீட்டில் டேங்கர் கணக்கு எழுதுவது யார் என்று விசாரித்தால் இந்தப் பட்டிமன்றம் இப்போதே முடிந்துவிடும்.

அந்தக் கோடையில் எங்கள் பக்கத்து பிளாக்கில் ஒரு தம்பதி வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூர் போனார்கள். நாற்பது கிலோமீட்டர்தான், அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு மாநிலம். அந்த அம்மாவுக்கு அறுபது வயசு. பல ஆண்டு குடியிருப்போர் சங்கத்தில் மனு எழுதிய கை அது. அந்தம்மாவைப் பார்த்துக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஏழை எங்கே போவான் என்றார். ஏழைதான் ஐயா முதலில் போனான்! இந்த மண்டபத்து வாசலில் நிற்கும் செக்யூரிட்டித் தம்பியிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பீகார், ஒடிசா, அசாம் என்று வரும். வேலைக்காக வந்தான் என்பீர்கள். ஊரில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ரோடும் சரியாக இருந்தால் வேலையும் அங்கே வந்திருக்கும். அவன் போவதைத் தடுத்து நிறுத்த முடியாது என்று அரசே ஒத்துக்கொண்டதால்தான், எந்த மாநிலத்திலும் ரேஷன் வாங்கலாம் என்ற திட்டம் 2022 ஜூனில் நாடு முழுக்க வந்து சேர்ந்தது.

போவதில் நஷ்டம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பட்டியல் சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வேறு மாநிலம் போனால், அந்த மாநில அரசின் இடஒதுக்கீட்டில் உரிமை கூடவே வராது. இது நீதிமன்றம் உறுதிசெய்த சட்டம். டாக்டர் படிப்புக்குத் தமிழ்நாடு, ஆறாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படித்தாயா என்று கேட்கும். கர்நாடகம் ஏழு வருடம் படித்தாயா என்று கேட்கும். "இவ்வளவு பேசும் அம்மா ஏன் இன்னும் போகவில்லை?" என்று சகோதரர் கிண்டல் செய்தாரே, பதில் இதுதான். என் பையன் செகண்ட் பியூசி. பரீட்சை முடியட்டும், லாரிக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த வேலிகளைப் போட்டது யார்? போகிறவனா? வேலி உயரமாக இருக்கிறது என்பதால் உள்ளே இருப்பது நல்ல வீடு என்று ஆகிவிடாது.

இருந்து போராடுகிறவர்களுக்கே எங்கள் கட்சிதான் பலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிரத்தில் சாங்கிலி மாவட்டம், ஜத் தாலுகா. வறண்ட பூமி, கர்நாடக எல்லை. தண்ணீர் தராவிட்டால் கர்நாடகத்தோடு சேர்ந்துவிடுவோம் என்று அங்கே 40 கிராமங்கள் பல ஆண்டுக்கு முன்பே தீர்மானம் போட்டன. ஆள் மட்டும் அல்ல, ஊரே போகிறேன் என்றது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 2022 நவம்பரில் கர்நாடக முதல்வராக இருந்த பசவராஜ் பொம்மை, அந்தத் தீர்மானத்தைத் தீவிரமாகப் பரிசீலிக்கிறோம் என்றார். கர்நாடகம் தன் பாசனத் திட்டத்திலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டும் காட்டியது. அவ்வளவுதான், மும்பைக்கு வேர்த்துவிட்டது. மைசால் நீரேற்றுத் திட்டத்தை விரிவாக்க சுமார் 2,000 கோடி ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. அடுத்து குஜராத் எல்லைக் கிராமங்களும், தெலங்கானா எல்லைக் கிராமங்களும் "நாங்களும் போகிறோம்" என்று ஆரம்பித்தன. மனு கொடுத்தபோது தூங்கியவர்கள் மூட்டையைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

போகிற ஊர் மட்டும் சொர்க்கமா என்று அடுத்து வரப்போகும் எதிரணித் தலைவர் கேட்பார், தெரியும். இல்லைதான். சென்னையிலும் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை கவுன்சிலர் இல்லாமல்தான் ஓடியது. அங்கே பிடிக்கவில்லை என்றால் அங்கிருந்தும் கிளம்பலாம். நான் கேட்பது சொர்க்கம் இல்லை, குழாயில் தண்ணீர். தலைவர் ஐயா பேச வரும்போது எனக்கு ஒரே ஒரு எண் சொன்னால் போதும். அந்த 110 கிராமத்தில் 2007-ல் வீடு கட்டிக் குடிபோன ஒருவர், எத்தனை ஆண்டு நின்ற பிறகு கிளம்பியிருந்தால் நீங்கள் அவரைக் கோழை என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்? ஐந்தா, பத்தா, பதினேழா? அந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.