முதல் இரண்டு பெஞ்சுகளில் தூறல்

வணக்கம்.

உங்கள் வீட்டுப் பரணில் தேடினால் ஒரு குட்டி நோட்டு அகப்படலாம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ரோஸ், இளம்பச்சை, மஞ்சள், வெளிர்நீலம் என்று மாறி மாறித் தாள்கள். அட்டையில் தங்க நிற எழுத்தில் 'ஆட்டோகிராஃப்'. பள்ளிப் படிப்பு முடிகிற மாதத்தில் வாங்கி, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நீட்டி எழுதி வாங்கியது. எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு அது ஸ்லாம் புக் ஆனது. இப்போது வாட்ஸ்அப் குழு. எனக்கு அந்தக் குட்டி நோட்டுதான்.

நான் 1986இல் அரசுப் பள்ளியில் சேர்ந்து 2018இல் ஓய்வு பெற்றேன். ஆர்டரில் தமிழாசிரியை என்று போட்டிருக்கும். பிள்ளைகள் வாயில் தமிழம்மா. வருஷா வருஷம் பன்னிரண்டாம் வகுப்பை வழியனுப்பும் விழா என் தலையில்தான் விழும். மிக்சர், கேசரி, ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம், பெரியவர்கள் உரை, கடைசியில் குரூப் போட்டோ. உரைகளில் எல்லா வருஷமும் ஒரே வாழ்த்து: நீங்கள் எல்லாரும் கலெக்டர் ஆக வேண்டும். எங்கள் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். தமிழ்நாட்டில் இன்றைக்கே மொத்தம் 38 மாவட்டம்தான். ஒரு வகுப்புக்கே காணாது.

என் கட்சி என்னவென்றால், மேடையில் வாழ்த்துகிறவர் எதிரே இருக்கிற பையனைப் பார்க்க வேண்டியதில்லை. போன வருஷம் பேசிய பேச்சையே திரும்பப் பேசலாம், பலர் பேசியும் இருக்கிறார்கள். கிண்டலில் அது நடக்காது. ஒருவனைக் கிண்டல் செய்ய வேண்டுமானால் அவன் எப்படி நடக்கிறான், எப்போது வருகிறான், டிபன் டப்பாவை எப்படி மறைத்துத் திறக்கிறான், எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். அதனால் வழியனுப்பு விழாவில் நான் காது கொடுத்துக் கேட்டதெல்லாம் பிள்ளைகளின் கிண்டலைத்தான்.

முதலில் என் நோட்டையே எடுத்துக்கொள்கிறேன். 1976. அப்போது பிளஸ் டூ கிடையாது, அது 1978இல்தான் வந்தது. பழைய எஸ்எஸ்எல்சி. பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். என் நோட்டில் பாதிப் பக்கம் கடல்தான். 'கடல் வற்றினாலும் நம் நட்பு வற்றாது' என்று ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் நான்கு பேர் அந்த வருஷம் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர்கள். அப்புறம், உங்களில் பலருக்கும் தெரிந்த அந்த ஆங்கில வரி: டிரிங்க் ஹாட் காபி, டிரிங்க் ஹாட் டீ, பர்ன் யுவர் லிப்ஸ் அண்ட் ரிமெம்பர் மீ. ஊருக்கு ஊர், நோட்டுக்கு நோட்டு இது இருந்தது. தமிழ் மீடியத்தில் படித்த எங்களுக்கு அதுதான் பெரிய ஆங்கில இலக்கியம். இத்தனை வருஷம் கழித்தும் காபி சுட்டால் எனக்கு அதை எழுதியவள் ஞாபகம் வருகிறது. கடல் எழுதிய ஒன்பது பேரின் முகமும் சரியாக நினைவில்லை.

இன்னொருத்தி கெட்டிக்காரி. நேராகக் கடைசித் தாளுக்குப் போனாள். அடியோரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்: 'என்னைவிட உன்மேல் அன்பு அதிகம் உள்ளவர் இதற்கு அப்புறம் எழுதட்டும்.' அப்புறம் எழுத இடமே கிடையாது. இதுவும் எல்லார் நோட்டிலும் யாராவது ஒருவர் செய்கிற வேலைதான். ஆனால் என் நோட்டைத் திருப்பினால் பின்னட்டையின் உட்பக்கம் பென்சிலில் ஒரு எழுத்து உண்டு. கடைக்காரர் எழுதிய விலை, எழுபத்தைந்து பைசா. என்மேல் அதிக அன்பு அவருக்குத்தான் என்று அன்றைக்கு முடிவானது.

சரி, 1990க்கு வருகிறேன். இந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த ரேடியோ நிலையத்துக்கு வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பால் இருந்தால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள்.

கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளி. செய்முறைத் தேர்வு முடிந்து, நுழைவுச்சீட்டு வாங்க வந்த நாளில் விழா. பையன்கள் ஒரு நிகழ்ச்சி செய்ய அனுமதி கேட்டார்கள். என்னடா என்றேன். ரேடியோ நியூஸ் அம்மா என்றார்கள். இருபது வருஷம் கழித்து, 2010இல் வரப்போகும் செய்தி அறிக்கையாம். சரி என்றேன்.

மேடையில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒருவன் தண்ணீர் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தான். எதிரொலி வரவேண்டுமாம். பக்கத்தில் ஒருவன் வாயாலேயே கொர்ர், கீய்ங் என்று ஸ்டேஷன் பிடித்தான். வாளிக்குள்ளிருந்து குரல்: 'ஆகாசவாணி. செய்திகள். முதலில் தலைப்புச் செய்திகள்.'

வகுப்புக்கு ஒருநாளும் நேரத்தில் வராத பையன் ஒருவன் உண்டு. இரண்டாவது மணி அடித்தபிறகு சைக்கிள் சத்தம் கேட்டால் அவன்தான். அவனைப் பற்றிய செய்தி: 'திருச்சி பாசஞ்சர் இன்று குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்தது. பச்சைக் கொடி காட்ட வேண்டிய ஸ்டேஷன் மாஸ்டர் இன்னும் வந்து சேரவில்லை.'

விலங்கியல் செய்முறையில் தவளையை அறுக்கும்போது மயங்கி விழுந்தவன் ஒருவன். 'சென்னையில் நடந்த அறுவை சிகிச்சையில் பரபரப்பு. நோயாளி விழித்துக்கொண்டிருந்தார், டாக்டர் மயக்கத்தில் இருந்தார். தற்போது இருவரும் நலம்.'

பக்கத்து விடைத்தாளைப் பார்த்தே எழுதும் ஒருவன். 'நம் நாட்டு விஞ்ஞானி புதிய ராக்கெட்டைக் கண்டுபிடித்தார். அதே ராக்கெட்டை, அதே பிழையுடன், பக்கத்து நாடும் கண்டுபிடித்திருப்பதால் விசாரணை நடக்கிறது.'

அரங்கம் ஆடிப்போனது. அரங்கம் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சைக்கிள் ஷெட். எனக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அப்போது வாளி நிதானமாகச் சொன்னது:

'இறுதியாக வானிலை அறிக்கை. மேல்நிலை இரண்டாம் ஆண்டு ஆ பிரிவில், தமிழ்ப் பாடவேளையின்போது, முதல் இரண்டு பெஞ்சுகளில் லேசான தூறல் இருக்கும். மூன்றாவது பெஞ்சு முதல் வறண்ட வானிலை நிலவும்.'

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. மற்ற ஆசிரியர்கள் எல்லாம் குனிந்து மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் உறைத்தது. நான் உணர்ச்சிவசப்பட்டுப் பாடம் நடத்தும்போது எச்சில் தெறிக்கும் போலிருக்கிறது. நான்கு வருஷமாக நடத்துகிறேன், வீட்டில் யாரும் சொன்னதில்லை, சக ஆசிரியர்கள் சொன்னதில்லை, ஆய்வுக்கு வந்த அதிகாரியும் எழுதவில்லை. முதல் பெஞ்சுப் பிள்ளைகள் ஏன் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படிக்கிறார்கள் என்று நான் பெருமைப்பட்டதுண்டு. மறுநாளே இரண்டு கைக்குட்டை வாங்கினேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, பாடம் நடத்தும்போது மேஜையிலிருந்து இரண்டடி பின்வாங்கி நிற்பது என் வழக்கம். மைக்கிலிருந்தும் இப்போது இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன், நிலையத்தார் கிட்டே வரச் சொல்லியும்.

இந்த மாதிரிக் கிண்டலுக்கு இலக்கணம் உண்டு. வஞ்சப்புகழ்ச்சி அணி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 'தேவர் அனையர் கயவர்' என்று தொடங்கும் குறளைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லித் தருவோம். கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் அவர்களும் நினைத்தபடி நடப்பார்கள். புகழ்வது போல் வள்ளுவர் வைத்த அடி அது. தொல்காப்பியத்திலேயே அங்கதம், அதாவது கேலியாகப் பழிப்பது, இரண்டு வகை. நேராகச் சொல்வது செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். பரீட்சையில் இதற்கு உதாரணம் எழுதச் சொன்னால் முழிக்கிற பையன், நண்பனின் நோட்டில் எழுதுகிறான்: 'நண்பா, நீ படித்த பாடங்கள் கேள்வித்தாளில் வரவே பயப்படும்.' இதைவிட உதாரணம் வேண்டுமா? முழு மதிப்பெண் போடலாம்.

அந்த 2010 வரத்தானே செய்தது. செய்தியில் வந்த சிலரைப் பிறகு பார்த்தேன். நேரத்துக்கு வராதவன் பால் பூத் வைத்திருக்கிறான். காலை நாலு மணிக்குக் கடை திறக்க வேண்டும், திறக்கிறான். தவளையைக் கண்டு மயங்கியவன் மருந்துக்கடை. அட்டை அட்டையாக மாத்திரை கொடுப்பான், ஊசி போடுகிற பக்கம் மட்டும் திரும்பமாட்டான். ராக்கெட்டைப் பார்த்து எழுதியவன் ஆசிரியராகிவிட்டான். பறக்கும் படையில் அவனைப் போட்டால் பிட்டு தப்பாதாம். பையன்கள் எங்கெங்கே ஒளிப்பார்கள் என்று அவனுக்கு அத்துப்படி.

வேலையைக் கணித்ததில் எல்லாம் தப்பு. தவிர, அவர்கள் எழுதிய 2010இல் ஒரு மந்திரி அவசரமாக டிரங்க் கால் புக் செய்துவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்கிறார். சட்டைப்பையில் போன் இருக்கும் என்று அந்த வாளிக்குத் தோன்றவில்லை. நாட்டில் எல்லாரும் ராக்கெட்டில் போகிறார்கள், ஆனால் மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் வரிசை நிற்கிறது. ஒரு தந்தியும் வந்தது. அது மட்டும் சரிதான், தந்தியை 2013 ஜூலையில்தான் நிறுத்தினார்கள்.

பெண் பிள்ளைகளின் நோட்டு வேறு மாதிரி. பையன்களுக்கு எழுதும் எதிர்காலத்தில் ஸ்டேஷன் இருக்கும், ஆஸ்பத்திரி இருக்கும். பெண்களுக்கு எழுதியதில் மாமியார்தான் இருப்பார். 'உன் சாம்பாரைச் சாப்பிடப் போகும் புண்ணியவானை நினைத்து வருந்துகிறேன்', 'கல்யாணப் பத்திரிகை அனுப்ப மறக்காதே'. எழுதியவர்களும் பெண்கள்தான். 2000க்குப் பிறகு இது மாறியதை நானே பார்த்தேன். மாமியார் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, கவுன்சலிங், ஹாஸ்டல், மேனேஜர் என்று வர ஆரம்பித்தார்கள். மேனேஜரும் மாமியார் மாதிரியேதான் வந்தார் என்பது வேறு விஷயம்.

ஒன்றை விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஒரு வருஷம், ஜூனியர்கள் சீனியர்களுக்குப் பட்டம் கொடுத்தார்கள். ஒரு பெண்ணுக்கு அவள் நிறத்தை வைத்து ஒரு பட்டம். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பத்து நாள் கழித்து குரூப் போட்டோ வந்தது. எல்லாரும் பணம் கட்டி ஆளுக்கொன்று வாங்கினார்கள், அவள் வாங்கவில்லை. காசு இல்லையோ என்று நானே ஒன்றை வாங்கி நீட்டினேன். 'வேண்டாங்கம்மா' என்றாள். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் போட்டோ இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

அடுத்த வருஷத்திலிருந்து ஒரு விதி வைத்தேன். மேடையில் யாரைப் பற்றி என்ன படிப்பதானாலும் முதலில் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் படித்துக் காட்ட வேண்டும். தாமதமாக வந்தது, தூங்கியது, காப்பியடித்தது, எல்லாம் சரி. அவன் செய்தது. நிறம், உயரம், சாதி, அப்பாவின் தொழில் கூடாது. அது அவன் செய்ததில்லை. விதி வந்தபிறகு கிண்டல் குறைந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். குறையவில்லை. ஆளைக் கவனித்துப் பார்க்க வேண்டி வந்ததால் இன்னும் கூர்மையானது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமாம். வெளிநாட்டில் இது எப்படி என்று விரிவாகச் சொல்ல நான்கு பக்கம் எழுதி வந்தேன், எல்லாம் போயிற்று. சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் 16ஆம் நூற்றாண்டிலேயே விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்கள் ஆசிரியர்களிடம் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அங்கே பாடம் நடத்திய மதச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தரும் போட்டிருக்கிறார். அமெரிக்கப் பள்ளிகளில் ஆண்டு மலரில் இரண்டு வேடிக்கை வழக்கம் இருந்தது. இருபது வருஷம் கழித்து யார் என்ன ஆவார்கள் என்று ஆரூடம் சொல்வது ஒன்று, நம் வாளி நியூஸ் மாதிரி. படிப்பை முடிப்பவர்கள் அடுத்த வகுப்புக்கு உயில் எழுதி வைப்பது இன்னொன்று. என் அண்ணன் பேத்தி நியூ ஜெர்சியில் படிப்பை முடித்தபோது இதைக் கேள்விப்பட்டு, என் கடைசி வகுப்பில் சொன்னேன். 2018. மொத்தம் 1200 மதிப்பெண்ணுக்குப் பொதுத்தேர்வு எழுதிய கடைசிக் கூட்டம் அவர்கள். அடுத்த வருஷம் 600 ஆகிவிட்டது. அதில் ஒருவனின் அப்பா பத்திரம் எழுதுகிறவர். மறுநாளே உயில் தயார். படித்துவிடுகிறேன்.

'1200 மதிப்பெண்ணுக்கு எழுதும் கடைசி வாரிசுகளாகிய நாங்கள், சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதிவைத்துக் கொடுத்த உயில் சாசனம். எங்களுக்குப் பாத்தியப்பட்ட கடைசி பெஞ்சு ஒன்று. இதற்கு நான்கெல்லையாவது: கிழக்கே கரும்பலகை, வெகு தூரத்தில். மேற்கே சுவர், சாய்ந்துகொள்ள. வடக்கே சன்னல், அதன்வழி தெரியும் டீக்கடை உட்பட. தெற்கே தூண். இந்த நான்கெல்லைக்குள்பட்ட பெஞ்சையும், அதில் காம்பஸால் செதுக்கிய பெயர்களையும், 600 மதிப்பெண்காரர்களாகிய நீங்கள் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தமிழம்மாவுக்குத் தெரியாது என்று நாங்கள் நம்பினோம். தெரியும். ஆனால் அவரும் எங்களோடு பாஸாகிப் போகிறார். ஆகவே தைரியமாக உட்காரவும்.'

சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் வந்தார்கள். 'எழுதிவைத்து கொடுத்த' என்று இருந்தது. நடுவில் ஒரு க் போட்டுவிட்டு, அதே சிவப்புப் பேனாவால் கையெழுத்துப் போட்டேன்.

நேரமாகிவிட்டது. வணக்கம்.