படிவத்தில் விடுபட்ட பெயர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். குடும்பத்தவரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்வது பற்றி உரையாற்றுமாறு என்னை அழைத்தபோது, வருமானம், கட்டணம், காத்திருக்கும் காலம் ஆகியவற்றையே பேச வேண்டியிருக்கும் என்று முதலில் எண்ணினேன். ஆயினும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நீண்டகாலமாக எம்மவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவிவரும் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. நிரந்தர வதிவிட உரிமை பெறும் வேளையில் மனைவியின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ எழுதாமல் விட்டுவிட்டு, சில ஆண்டுகளின் பின் அவர்களை அழைக்க முயன்று, முடியாமல் தவிப்பவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

2002ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளில் 117ஆம் விதி இருக்கிறது. ஒருவர் நிரந்தர வதிவாளராகும்போது அவருடைய கணவனோ மனைவியோ சார்ந்திருக்கும் பிள்ளையோ குடிவரவு அதிகாரிகளின் பரிசோதனைக்கு உட்படுத்தப்படாமல் விடுபட்டிருந்தால், பின்னர் குடும்ப வகுப்பின் கீழ், அதாவது உறவினர் என்ற முறையில், அவரை ஸ்பொன்சர் செய்ய முடியாது என்று அது கூறுகிறது. உடன் வராதவர்களையும் தெரிவிக்க வேண்டும். மணமுறிவுக்குப் பின் தாயிடம் வளரும் பிள்ளையையும் தெரிவிக்க வேண்டும். பொய் சொல்லும் நோக்கம் இருந்ததா இல்லையா என்பதை இந்த விதி பார்ப்பதில்லை.

நம்மவர்கள் ஏன் மறைத்தார்கள் என்பதை நான் அறிவேன். தனியாள் என்று சொன்னால் கேஸ் விரைவில் முடியும் என்று ஏஜென்சிக்காரர் சொன்னதை நம்பியவர்கள் உண்டு. கோயிலில் தாலி கட்டியாயிற்று, எழுத்து, அதாவது திருமணப் பதிவு, மட்டும் முடியவில்லை, ஆகவே சட்டப்படி மணமாகவில்லை என்று உண்மையாகவே எண்ணியவர்களும் உண்டு. இந்த எண்ணம் ஆபத்தானது. இலங்கையில் பதிவு என்பது திருமணத்துக்குச் சிறந்த சான்று; ஆனால் பதிவில்லாத ஒரே காரணத்தால் வழக்கப்படி நடந்த திருமணம் செல்லாததாகிவிடாது. கனடாவின் சட்டமோ, திருமணமே நடக்காவிட்டாலும், ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களைத் துணைவர்களாகவே கருதுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூத்த மகன் பெற்றோரை ஸ்பொன்சர் செய்தார். 22 வயதுக்குக் குறைந்த, மணமாகாத தங்கையும் சார்ந்திருக்கும் பிள்ளையாக அந்த விண்ணப்பத்தில் இருந்தார். விண்ணப்பம் சேர்ந்த நாளோடு வயது பூட்டப்பட்டுவிடுவதால், எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் வயது பற்றிய கவலை இல்லை. ஆனால் மணமாகாதவர் என்ற நிலை கனடாவில் வந்திறங்கும் நாள்வரை நீடிக்க வேண்டும். வீசா கைக்கு வந்ததும், விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பு, பேசி வைத்திருந்த மாப்பிள்ளையுடன் யாழ்ப்பாணத்தில் எழுத்தை முடித்துவிட்டார்கள். அனுப்பும் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள். ரொறன்ரோ விமான நிலையத்தில் அதிகாரி கேட்டபோது அந்தப் பெண் மணமாகவில்லை என்று சொன்னார். பின்னர் கணவரை ஸ்பொன்சர் செய்தபோது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதோடு, அந்தப் பெண்ணின் சொந்த வதிவிட உரிமையே கேள்விக்குள்ளானது. கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் பெற்றோருக்கான பொறுப்புறுதி, அதாவது அவர்களைப் பராமரிப்பதாக ஸ்பொன்சர் கொடுக்கும் உறுதிமொழி, 20 ஆண்டுகள். சமூக உதவிப் பணம் பெறப்பட்டால் அது ஸ்பொன்சரின் கடனே என்பதை 2011இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அத்தனை பெரிய பொறுப்பை ஏற்ற அண்ணனிடம் அந்தத் திருமணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இரண்டு வாரம் பொறுத்திருப்பார்கள் என்று இன்றும் வேதனைப்படுகிறேன்.

ஏற்கெனவே பெயரை விட்டுவிட்டவர்களுக்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019 செப்டெம்பர் 9 முதல், அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள், கணவன், மனைவி அல்லது பிள்ளை என்ற முறையில் ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர்கள் ஆகியோருக்கு ஒரு தற்காலிகப் பொதுக்கொள்கை இந்த 117ஆம் விதியிலிருந்து விலக்களித்தது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு வதிவிட உரிமை கிடைத்திருக்கும் என்ற நிலை இருந்தால் மட்டுமே அது பொருந்தும். ஆகவே நான் சொன்ன பெண்ணுக்கு அது உதவாது. அது காலவரையறையோடு நீட்டிக்கப்பட்டு வந்த கொள்கை என்பதால், விண்ணப்பிக்குமுன் நடைமுறையில் உள்ளதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மற்றவர்கள் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி மனிதாபிமான, கருணை அடிப்படையில் விலக்குக் கேட்கலாம். இந்தக் கோரிக்கையை ஸ்பொன்சர் விண்ணப்பத்துடனேயே எழுத்தில் வையுங்கள். ஏனெனில், இவ்வாறு விலக்கப்பட்டவருக்காகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போனால், அங்கே கருணைக் காரணங்களைப் பார்க்க அதற்கு அதிகாரம் இல்லை.

மகளின் பெயரை மறைத்த ஒரு தந்தை, இப்படி விலக்குக் கேட்பதற்குச் சான்றாக, ஊருக்குப் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் பெட்டி நிறையக் கொண்டுவந்தார். ஆண்டு வாரியாக அவற்றை அடுக்க மூன்று மாலைப்பொழுதுகள் தேவைப்பட்டன. ஏன் மறைத்தேன் என்ற கடிதத்தை அவரையே எழுதச் சொன்னேன். ஏஜென்சிக்காரர் சொன்னதையும், தான் பயந்ததையும், முதல் படிவத்தில் பிள்ளைகள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிய அன்று இரவு உறங்காததையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். நாங்கள் ஒரு சொல்லையும் மாற்றாமல் அதை மொழிபெயர்த்து அனுப்பினோம்.