இயற்கை வளப் பாதுகாப்பு: நம் தீவின் பிள்ளைகளுக்கான ஒரு பட்டப்படிப்பு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம். எச்.எஸ்.சி. முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும், இயற்கை வளப் பாதுகாப்பை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிப்பது பற்றிச் சில செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். மரம் நடுவதற்கும் பறவை பார்ப்பதற்கும் பட்டம் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அது நியாயமான கேள்வி. மொரீஷியஸில் நடந்தவற்றைக் கொண்டே அதற்கு விடை சொல்ல முடியும்.

1974-இல், மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு, காட்டில் நான்கே நான்குதான் எஞ்சியிருப்பதாக அறியப்பட்டது. காடு அழிந்தது ஒரு காரணம். மலேரியாவை ஒழிப்பதற்காகத் தெளித்த டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி மருந்து இரையின் வழியாகப் பறவையின் உடலில் சேர்ந்தது மற்றொன்று. வேல்ஸிலிருந்து வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் அவருடன் உழைத்தவர்களும், முதலில் இட்ட முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுத்துத் தனியே பொரிக்க வைத்து, தாய்ப்பறவை மறுபடியும் முட்டையிட வழிசெய்தார்கள். அவ்வாறு வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டு, அந்த இனத்தை நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். பின்னர் எண்ணிக்கை மீண்டும் சரிந்ததும் நமக்குத் தெரியும். பறவைகளைத் தொடர்ந்து எண்ணி வந்தவர்கள் இருந்ததால்தான் அது தெரிய வந்தது.

சீனக் கொய்யாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழக்காலத்தில் குடும்பத்தோடு பிளேன் ஷாம்பாஞ் என்னும் மேட்டுநிலப் பக்கம் போய், அந்தச் சிவப்புப் பழத்தைப் பறித்து, உப்பும் மிளகாயும் சேர்த்துத் தின்னாத வீடு இங்கே குறைவு. எனக்கும் அது மிகப் பிடித்த பழம். ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி, குரங்கும் காட்டுப்பன்றியும் விதையைப் பரப்ப, புதராக அடர்ந்து, இத்தீவுக்கே உரிய மரங்களின் கன்றுகள் தலையெடுக்க இடமில்லாமல் செய்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 விழுக்காடுகூட இல்லை. அதில் பெரும்பகுதி, 1994-இல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் இருக்கிறது.

அப்படியானால் அயல் மரங்களை எல்லாம் வெட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் இத்தீவுக்கே உரிய இளஞ்சிவப்புப் புறா அழிவின் விளிம்பில் நின்றபோது, அது கூடு கட்டி ஒதுங்கியது ஜப்பானிய சீடார் என்னும் அயல் மரத்தோப்பில்தான். குரங்கும் எலியும் எளிதில் ஏற முடியாத இடம் அது. எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது, எந்த வரிசையில் செய்வது, திடீரென வெயில் விழும் இடத்தில் அடுத்து எந்தக் களை முளைக்கும் என்பதையெல்லாம் தாவரவியலும் மண்ணியலும் புள்ளியியலும் படித்தவரே கணித்துச் சொல்ல முடியும். காட்டின் மீது அன்பு வேண்டும். ஆனால் அன்பு மட்டும் இந்தக் கேள்விகளுக்கு விடை தராது.

2020 ஜூலையில் புவான்ட் தெஸ்னி அருகே வாகாஷியோ கப்பல் தரைதட்டி, ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தபோது, நம் மக்கள் கரும்புத் தோகையை அடைத்து மிதவைகள் செய்து கரையைக் காக்க இரவு பகலாகப் பாடுபட்டார்கள். அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். எனினும் பவளமும் அலையாத்தி மரங்களும் அடைந்த சேதத்தை நிறுவ வேண்டுமென்றால், கசிவுக்கு முன்பே முறையாக எடுத்த அளவீடுகள் தேவை. அவற்றை ஆண்டுதோறும் எடுத்து வைப்பதும் இத்துறையின் வேலைதான்.

வேலைவாய்ப்பைக் கேட்பீர்கள். தேசியப் பூங்காத் துறை, வனத்துறை, மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள், நீர்வளப் பணிகள், புதிய விடுதிகளுக்கும் சாலைகளுக்குமான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எனப் பல வாயில்கள் உள்ளன. இருந்தாலும் இத்தீவில் பணியிடங்கள் மிகுதி என்று சொல்லமாட்டேன். ஆகையால் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வதானாலும், களப்பணிக்கு எவ்வளவு காலம் ஒதுக்கப்படுகிறது, புள்ளியியலும் வரைபடக் கணினி மென்பொருளும் கட்டாயப் பாடங்களா, சுற்றுச்சூழல் சட்டம் கற்பிக்கப்படுகிறதா என்பவற்றைக் கேட்டறிந்த பிறகே விண்ணப்பம் எழுதுங்கள். அதற்கு முன்பாக, பிள்ளையை ஒருமுறை, இயற்கைக் காட்டை மீட்டெடுத்து வரும் ஈல் ஒஸ் எக்ரெட் என்னும் சிறு தீவுக்கு அழைத்துச் சென்று, அங்கே கருங்காலிக் கன்றுகளிடையே வேலை செய்பவர்களிடம் அவர்கள் என்ன படித்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.